தாராவும் தும்புத்தடியும்

“ஐஸிலை போட்டு வைச்சு உனக்காகப் பாத்துக்கொண்டிருக்க, அம்மா என்ன மீனோடா?”

லவீனா போனில் தம்பியிடம் இப்படிச் சீறியபோது பக்கத்து வீட்டுக்காரியான நான் அருகில் நின்றேன். முன்னறையில் அவளுடைய தாய் யோசப்பின், சவப்பெட்டிக்குள் கிடந்தாள். போனின் அந்தப் பக்கம் கனடா. மூன்று நாள் பொறுத்தால் வந்து சேருவேன் என்று எமில்ராஜ் கேட்டிருக்கிறான். அதற்கு அக்காக்காரி சொன்ன பதில் இது. அவன் போனை வெட்டினான். அன்று பின்னேரமே யோசப்பினை அடக்கம் செய்தோம். 2022, மார்ச் மாதக் கடைசி. அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் ஒரு சொல் பேசவில்லை.

கடற்கரைக் குருநகரில் பிறந்தவர்கள் மீனை வைத்துத்தான் ஏசுவோம். எங்கள் வாய் அப்படி. இருந்தாலும் அன்றைக்கு அது எனக்கே கூடிப்போனதாகப் பட்டது.

லவீனாவுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. கட்டை உடம்பு, பெரிய கை. நண்டுக் கொம்பனியில் வேலை. அவித்த நண்டை உடைத்து, ஓட்டுத் துண்டு ஒன்றும் கலக்காமல் சதையை எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். கையுறை போட மாட்டாள். “உறை போட்டால் விரலுக்குக் கண் தெரியாது, மாமி” என்பாள். அவளுடைய விரல்களில் வெட்டுக்காயம் இல்லாத நாளை நான் கண்டதில்லை. ஆனால் மற்றப் பெண்கள் ஒரு நண்டை முடிக்கும் நேரத்தில் இவள் இரண்டை முடிப்பாள். அந்த இரண்டு பெருவிரல்களும்தான் அவளுடைய சொத்து.

கலியாணம் செய்யவில்லை. இரண்டு இடத்தில் இருந்து பேசி வந்தார்கள். முதலாவது வந்தவனுக்கு நண்டு மணம் ஒத்துவரவில்லை. இரண்டாவது வந்தவன் அவளுடைய பின்னேர வழக்கத்தைக் கேள்விப்பட்டு, “ரீவிக்கு முன்னாலை குந்தியிருந்து கேம் விளையாடுற வயசோ?” என்று கேட்டிருக்கிறான். “உமக்கு வயித்தைத் தள்ளிக்கொண்டு பொம்பிளை பாக்கிற வயசோ?” என்று இவள் கேட்டாள். சோடாவைக் குடிக்காமலே போய்விட்டான்.

சோடா என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வீட்டுக்கு யார் போனாலும் சோடாதான். தேநீர் போட மாட்டாள். தனக்கும் போட்டுக் குடிக்க மாட்டாள். விடிய வேலைக்குப் போகும்போது என் குசினிக்குள் புகுந்து, நான் போட்டு வைத்ததை ஊற்றிக் குடித்துவிட்டுப் போவாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், “உனக்குக் கேத்தில் தூக்கக் கை இல்லையோடி?” என்று கேட்டேன்.

“ரீ போடுறது தோத்தவையின்ரை வேலை, மாமி.”

இந்தக் கதை சண்டை ஓய்ந்து கண்டி வீதி திறந்த காலத்தில் தொடங்கியது. 2003ஆம் ஆண்டு. யோசப்பினின் தமையன் செபநாயகம் கனடாவில் இருந்து பதினைந்து வருடத்துக்குப் பிறகு வந்தார். சூட்கேசில் சொக்லேட், சவர்க்காரம், துவாய், பவுடர். அடியில் ஒரு கறுத்த மெசின். அதை ரீவியில் கொழுவி விளையாடலாமாம். அதோடு செங்கல் அளவில், செங்கல்லை விடப் பாரமாக ஒரு இரும்புப் பெட்டி. கனடாவில் கறண்ட் எங்களுடையதில் பாதிதானாம். எங்கள் கறண்டைக் குறைத்து மெசினுக்குக் கொடுப்பது அந்தப் பெட்டியின் வேலை. யோசப்பின், பெட்டியை அலுமாரிக்குப் பின்னால் வைத்து, மெசினின் வயரை அதில் கொழுவினாள். “இதிலை ஒருத்தரும் கைவைக்கப்படாது” என்றாள். ஒருவரும் வைக்கவில்லை. பிள்ளைகளுக்கு நாளடைவில் அப்படி ஒரு பெட்டி இருப்பதே மறந்துபோனது.

மெசினோடு வந்தது சீடி போல ஒரேயொரு தட்டு. சண்டை விளையாட்டு. சண்டை என்றால் எங்களுக்கு அப்போது வேறொன்று ஞாபகம் வரும். இது அந்தச் சண்டை இல்லை. தலையில் சட்டி கவிழ்த்த ஒரு தாரா வாத்து, கையில் குத்துச்சண்டைக்காரரின் உறை. அடி விழுந்தால் இறகெல்லாம் பறந்து, புள்ளி போட்ட உள்காற்சட்டையோடு நடுங்கிக்கொண்டு நிற்கும். பிறகு உடம்பை ஒரு உதறு உதற இறகு முளைக்கும். திரும்பவும் அடிபடப் போகும். ஒருவரும் சாவதில்லை, இரத்தம் இல்லை. தோற்றவருடைய தலையைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நட்சத்திரம் ஓடும், அவ்வளவுதான். அந்தச் சண்டையைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு யோசப்பின் சிரித்ததை நான் கண்டிருக்கிறேன். கடலோடு போன புருசனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல்தரம்.

தட்டில் இருந்த எழுத்து இங்கிலீசும் இல்லை. செபநாயகத்துக்கும் வாசிக்கத் தெரியவில்லை. பழைய சாமான் குவியலில் எடுத்தேன் என்றார். ஆகவே அந்த விளையாட்டுக்குப் பெயர் இல்லை. அதில் அடிபடுகிறவர்களுக்கும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த பிள்ளைகள் தாங்களே பெயர் வைத்தார்கள். அகப்பையோடு வரும் தொக்கையனுக்கு எங்கள் ஒழுங்கையில் வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டியின் பெயர். ஆள் இன்னும் இருக்கிறார், சொல்ல மாட்டேன். ஈர்க்குப் போன்ற பொலிஸ்காரனுக்குக் கோயில் மணி அடிக்கிறவரின் பெயர். வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு ஒரு கிழவி வருவாள். தடியால் கூட்டி அள்ளி அடிப்பாள். முடியாவிட்டால் கட்டுப்பல்லைக் கழற்றி எறிவாள், அந்தப் பல் ஆளைத் துரத்தித் துரத்திக் கடிக்கும். அவளுக்கு வைத்த பெயர் மரியநாயகி மாமி. அது நான்தான்.

எனக்கு அப்போது வாய் நிறையச் சொந்தப் பல் இருந்தது. தும்புத்தடி மட்டும் உண்மை. எங்கள் முற்றத்தில் காய்ந்த கருவாட்டை மிதித்ததற்கு ஒரு பொடியனை அதால் ஒருமுறை சாத்தினேன். அந்தப் பொடியன் எமில்ராஜ். அவன்தான் கிழவியைத் தன்னுடைய ஆளாக எடுத்துக்கொண்டான். தாராவை லவீனா எடுத்தாள். “தாரா என்ரை. வேறை ஆரும் தொட்டால் கையை முறிப்பன்” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பதினாறு வயதுக் குமர் பேசுகிற பேச்சா?

பின்னேரமானால் அந்த வீட்டு வாசலில் இருபது சோடிச் செருப்புக் கிடக்கும். உள்ளே இடம் இல்லாதவர்கள் யன்னல் கம்பியில் தொங்குவார்கள். காற்றில் கருவாட்டு மணம். அதற்கு மேலால் பிள்ளைகளின் கூச்சல். “மாமி, ஓடிவாங்கோ, நீங்கள் நல்லாய் அடி வாங்கிறியள்” என்று வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிடுவார்கள். நானும் கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போவேன். தாரா என்னைப் போட்டு மிதித்தால் எனக்குச் சும்மா கோபம் வரும். “உவளை விடாதேடா, பல்லைக் கழட்டி எறி” என்று எமில்ராஜுக்குச் சொல்லுவேன்.

அக்காவும் தம்பியும் அதற்கு முதல் கையால் அடிபட்ட சோடி. மயிரைப் பிடித்து இழுத்து, கடித்து, ஒருமுறை சைக்கிள் பம்பால் அடித்து மண்டை உடைந்தது. மெசின் வந்த பிறகு யோசப்பின் ஒரு சட்டம் போட்டாள். “அடிபடுறதெண்டால் ரீவிக்குள்ளை போய் அடிபடுங்கோ.” மூன்று சுற்று. தோற்றவர் எழும்பிப் போய் எல்லாருக்கும் தேநீர் போட வேண்டும். குடித்து முடிந்தால் கதை முடிந்தது. பிறகு அதை ஒருவரும் எடுக்கக் கூடாது. சைக்கிளை விழுத்தியது யார், தாயின் கைப்பையில் இருந்த காசை எடுத்தது யார், பள்ளிக்கூடக் கடிதத்தை ஒளித்தது யார் என்று எத்தனையோ வழக்கு அந்த ரீவிக்குள் தீர்ந்தது. உண்மையில் யார் குற்றவாளி என்று யோசப்பின் பார்ப்பதில்லை. யார் தேநீர் போட்டது என்பதுதான் அவளுக்குக் கணக்கு.

லவீனா தோற்பது அருமை. தோற்றால் கேத்திலின் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அந்தத் தேநீரில் சீனி இருக்காது. வேண்டுமென்றே போட மாட்டாள். எல்லாரும் முகத்தைச் சுளித்துக் குடிப்போம்.

2006இல் திரும்பச் சண்டை தொடங்கி அந்தப் பாதை பூட்டியது. கறண்ட் நினைத்த நேரம் வந்து நினைத்த நேரம் போனது. அப்போது அந்த வீட்டில் சண்டையைக் கறண்ட் வரும்வரை தள்ளி வைத்தார்கள். “பொறு, கறண்ட் வரட்டும், உனக்குக் காட்டிறன்” என்று ஒருத்தி உறுமுவாள். அவன் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பான். கறண்ட் வரும்போது பாதி நாளில் கோபம் ஆறிப் போயிருக்கும். இருந்தும் விளையாடுவார்கள்.

எல்லாம் முடிந்து 2010இல் எமில்ராஜ் கனடாவுக்குப் போனான். செருப்புகளும் ஒவ்வொரு சோடியாகக் குறைந்தன. சிலர் பிரான்ஸ், சிலர் இலண்டன், இரண்டு பேர் மண்ணுக்குள். லவீனா மட்டும் விடவில்லை. ஐந்து மணிக்கு வேலையால் வருவாள். தேசிக்காய்ப் பாதியைக் கையில் தேய்த்து நண்டு மணத்தைக் கழுவுவாள். சீமெந்து நிலத்தில் காலை நீட்டி இருந்து, மெசினைப் போட்டு அதோடு தனியாக அடிபடுவாள். தாய் கதிரையில் செபமாலையோடு இருந்து பார்ப்பாள். தாய் போன பிறகு கதிரை மட்டும் இருந்தது.

ஒரு விசித்திரம் பார்த்தேன். மெசின் யாரை அனுப்பினாலும் தாரா விடாது, தொக்கையனைத் தூக்கி எறியும். தும்புத்தடிக் கிழவி வந்தால் மட்டும் லவீனா கொன்ரோலரை மடியில் வைத்துவிடுவாள். கிழவி அடித்து முடிக்கும்வரை தாரா வாங்கிக்கொண்டு நிற்கும்.

“ஏனடி, என்னிலை இரக்கமோ?” என்று கேட்டேன்.

“உங்களிலை ஆருக்கு இரக்கம். அது அவன்ரை ஆள். அவன் இல்லாமல் அடிச்சால் கணக்கிலை வராது.”

அவன் என்றுதான் சொல்வாள். பெயர் இல்லை. அவனும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய எனக்குப் போன் எடுப்பான். தாயின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினீர்களா, உங்கள் முழங்கால் எப்படி என்று கேட்டுவிட்டு, கடைசியில், “அங்காலை எப்பிடி?” என்பான். அங்காலை என்றால் தகர வேலிக்கு அப்பால் இருக்கிற தமக்கை. பின்னேரம் அவள் வேலிக்கு மேலால் தலையைக் காட்டி, “என்னவாம்?” என்பாள். மூன்று வருடம் இந்த இரண்டுக்கும் நான் தபால்காரி.

இந்த வருடம் யாகப்பர் கோயில் பெருநாளுக்கு வருகிறேன் என்றான். எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் லொட்ஜ் எடுத்திருக்கிறானாம். சொந்த வீடு இருக்க லொட்ஜ். அவளுக்குச் சொன்னேன். அடுத்த நாள் வீட்டுக்கு பெயின்ற் அடிக்கத் தொடங்கினாள்.

பெருநாளுக்கு பெயின்ற் அடிப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சாமானை முற்றத்தில் இழுத்துப் போட்டாள். அலுமாரிக்குப் பின்னால் இருந்த பாரமான பெட்டியும் வெளியே வந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. கொழுவியதும் காத்ததும் தாய். பழைய இரும்பு எடுக்கிறவன் ஒழுங்கையால் வந்தான். உடைந்த கதிரைக் கால், துருப்பிடித்த அரிவாள், ஓட்டை வாளி எல்லாவற்றோடும் பெட்டியையும் கொடுத்துவிட்டாள். பெயின்ற் காய்ந்த பிறகு மெசினின் வயரை நேரே சுவரில் கொழுவினாள். டப் என்று ஒரு சத்தம், கருகின மணம்.

“மாமி, செத்துப்போச்சு” என்று வேலியில் வந்து நின்றாள். நான் மனிதர் யாரோ என்று பயந்துபோனேன். தாயைப் புதைத்த அன்று அழாதவள், அந்த மெசினை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குக் கோபம் வந்தது.

“ஒரு விளையாட்டுச் சாமானுக்கோடி இந்த அழுகை?”

“அவன் வந்தால் நான் என்னத்தைச் சொல்லி அவனோடை கதைக்கிறது? எனக்கு வேறை என்ன தெரியும், மாமி?”

மன்னிப்புக் கேள் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் அந்த வீட்டில் யாருடைய வாயிலும் ஒருநாளும் வந்ததில்லை. தேநீர்தான் வந்தது.

அடுத்த நாள் பஸ் ஏறித் திருநெல்வேலியில் ஒரு கடைக்கு மெசினைக் கொண்டுபோனாள். திறந்து பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் எரிந்துவிட்டது என்றார்களாம். தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கனடாத் தட்டு இங்கே விற்கிற மெசினில் ஓடாதாம். கனடா மெசின்தான் வேண்டுமாம். என்ன விளையாட்டு, பெயரைச் சொல்லுங்கோ, வேறு தட்டுத் தேடித் தருகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். என்ன பெயரைச் சொல்லுவாள்? தாராவும் தும்புத்தடியும் என்றிருக்கிறாள். கடை முழுக்கச் சிரித்ததாம்.

அந்த ஞாயிறு எமில்ராஜ் போன் எடுத்தான். முழங்காலுக்குப் பிறகு, “அங்காலை எப்பிடி?” என்றான்.

“அங்காலை மெசின் எரிஞ்சுபோச்சு.”

“எப்பிடி?”

“பெட்டியைப் பழைய இரும்புக்காரனிட்டைக் குடுத்திட்டு, சுவரிலை நேரை கொழுவினவள்.”

சிரித்தான். “விசரி” என்றான். “பெட்டி இல்லாமல் ஆரும் கொழுவுவினமோ? விசரி.”

மூன்று வருடத்தில் அவன் தமக்கையைப் பற்றிச் சொன்ன முதல் சொல் அது. எனக்கு வாய் சும்மா இருக்காது.

“கறண்டைப் பற்றியோ கதைக்கிறாய்? அப்ப கேள். கொம்மா செத்த கிழமை இஞ்சை நாளிலை பாதி கறண்ட் இல்லை. டீசல் இல்லை. வள்ளம் ஒண்டும் போகேல்லை, ஐஸ் கொம்பனி பூட்டு. கொக்கா சைக்கிளிலை மூண்டு இடம் போய் ஐஸ் கேட்டவள். ஒரு கட்டி கிடைக்கேல்லை. மார்ச் மாச வெயில் உனக்கு மறந்திருக்கும். மூண்டு நாள் என்னெண்டடா வைச்சிருக்கிறது?”

“அவள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீ கேட்டனியோ? கேட்டாலும் சொல்லுவளோ? இரண்டும் யோசப்பினின்ரை வயித்திலை வந்ததுகள்தானே.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டது. சளித் தடிமனாக இருக்கலாம் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை.

“மாமி, நான் உந்த மெசின் மாதிரியே ஒண்டு தேடிக் கொண்டுவாறன். அவளுக்குச் சொல்லாதேங்கோ.”

“ஓம்” என்றேன். போனை வைத்த கையோடு வேலிக்கு மேலால் தலையை நீட்டி, பெட்டிக் கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் லவீனா வேலைக்குப் போகவில்லை. காய்ச்சலோடும் நண்டு உடைக்கப் போகிறவள். “எங்கையடி?” என்றேன். “ரவுணுக்கு” என்றாள். மத்தியானம் ஒரு சீலைப் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, இடுப்பை வளைத்து நடந்து வந்தாள். உள்ளே இருந்தது புதுப் பெட்டி, கறண்ட் குறைக்கிறது. அலுமாரிக்குப் பின்னால் பழையது இருந்த இடத்திலேயே வைத்து, யோசப்பினின் பழைய துவாயால் மூடினாள். விலை கேட்டேன். சொல்லவில்லை. அரைக்கிலோ வெங்காயம் வாங்கினாலே ஒழுங்கை முழுக்கக் கேட்க விலை சொல்லுகிறவள்.

“தோத்துக் குடுக்கப் போறியோ அவனுக்கு?” என்று கேட்டேன்.

“தோக்கவோ? வரட்டும், உங்கடை பல்லைக் கழட்டிறன்.”

பெருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் அவன் வந்தான். வாடகை ஸ்கூட்டர். முன்தலை வெளித்து, வயிறு தள்ளியிருந்தது. லவீனா என்னை நேரத்தோடேயே, “சும்மா வந்து இருங்கோ, மாமி” என்று கூப்பிட்டு யோசப்பினின் கதிரையில் இருத்தியிருந்தாள். கோயில் ஒலிபெருக்கியில் செபமாலை போய்க்கொண்டிருந்தது. வாசலில் ஒரு சோடிச் சப்பாத்துக் கழன்றது.

“மாமி, ரீவி எங்கை?” என்று என்னைக் கேட்டான். ரீவி அவனுடைய மூக்குக்கு நேரே இருந்தது.

“வீட்டுக்காரியைக் கேள்” என்றேன். கேட்கவில்லை.

நிலத்தில் இருந்து பையைத் திறந்தான். துவாயில் சுற்றிய மெசின். எங்களுடையதைப் போலவே கறுப்பு, ஒரு மூலையில் கீறல். லவீனா தாயின் செபப் புத்தகத்துக்குள் இருந்து தட்டை எடுத்து அவனுக்குப் பக்கத்தில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை. அவன் வயரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“பெட்டி இஞ்சை வாங்கலாம் எண்டு விட்டிட்டன், மாமி. இந்த நேரம் ரவுணிலை கடையள் எல்லாம் பூட்டு. பெருநாள் முடியத்தான்.”

அவனுக்கு நாலாம் நாள் பிளேன். லவீனா அலுமாரிப் பக்கம் போனாள். குனியவில்லை. துவாயோடு பெட்டியைக் காலால் தள்ளி, அவனுடைய முழங்காலில் முட்டும்வரை கொண்டுவந்து விட்டாள். பிறகு குசினிக்குள் போய்விட்டாள்.

அவன் துவாயைத் தூக்கினான். புதுப்பெட்டி. கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்திருந்தான். வயரைக் கொழுவினான். பெட்டி இரைந்தது, ரீவியில் தாரா சட்டியோடு வந்து துள்ளியது. ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்துகள் ஓடின. அவன் ஒரு கொன்ரோலரைத் தன் மடியில் வைத்து, மற்றதைப் பக்கத்து நிலத்தில் வைத்தான். தும்புத்தடிக் கிழவியை எடுத்தான்.

குசினியில் கேத்தில் கூவியது. லவீனா தட்டத்தில் மூன்று கோப்பை தேநீரோடு வந்தாள். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை.

அவன் கோப்பையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மிடறு குடித்தான். நானும் குடித்தேன். சீனி போட்டிருந்தாள்.

கோப்பை பாதியானது. அவன் பெட்டியை விரலால் தட்டினான்.

“இது என்ன விலை?” என்றான். என்னைக் கேட்கவில்லை.

லவீனா காலை நீட்டி இருந்தாள். கொன்ரோலரை எடுத்து, பெருவிரலை அமத்தித் தாராவை எடுத்தாள்.

“பதினோராயிரத்து எழுநூற்றைம்பது.”